ஊதக்காத்து

எங்கள் ஊர்க்காரர்கள் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. நாமக்கல்லில் மார்கழி விடியலில் வெப்பமானி 18, 19 டிகிரியில் நின்றுகொள்ளும் நாட்களே அதிகம். டொராண்டோவில் இருக்கும் என் அக்காள் மகன் போன மாதம் தொலைபேசியில், "மாமா, இங்கே மைனஸ் 15" என்றான். பேசும்போது என்ன உடுத்தியிருக்கிறான் என்று கேட்டேன். வீட்டுக்குள் பனியனோடு உட்கார்ந்திருந்தான். நான் இங்கே மங்கிக் குல்லாயும் கழுத்தில் துண்டும் தோளில் சென்னிமலைப் போர்வையுமாகத் திண்ணையில் இருந்தேன். குளிர் என்பது வெப்பமானியில் இருக்கும் எண் அன்று. அந்த எண்ணுக்கும் உடம்புக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதுதான். எங்கள் இளமைக்காலத்தில் இடையில் பெரும்பாலும் ஒன்றும் இருந்ததில்லை.

கொங்குப் பகுதியில் குளிர்ந்த காற்றை 'ஊதக்காத்து' என்போம். பள்ளிநாட்களில் அதை நான் பட்டிக்காட்டுச் சொல் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். கல்லூரிப் படிப்பை அஞ்சல்வழியில் முடித்தபோதுதான் சங்கப் பாடல்களில் 'ஊதை' என்ற சொல் வாடைக்காற்றின் உடன்பிறப்பாக வருவதைக் கண்டேன். என் அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாதவள். "ஊதக்காத்துல நிக்காத கண்ணு, காதை அடைச்சுக்கும்" என்று அவள் சொன்னதில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் காற்று கிழக்கே கொல்லிமலைப் பக்கத்திலிருந்து இறங்கும். மழைக்காலம் ஓய்ந்து மேகம் விலகியதும் பகலெல்லாம் குடித்த சூட்டை மண் ஒரே இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிக் கிடக்கும் சமவெளி. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. விடியும்போது சோளத்தட்டுப் போரின் மேல் பனி சொட்டிக்கொண்டிருக்கும். ஊரின் நடுவே நிற்கும் கோட்டைப்பாறை, சித்திரையில் இரவு முழுக்க அனல் வீசுகிற அதே பாறை, மார்கழியில் தொட்டால் கை சுருங்கும். அடிவாரத்து ஆஞ்சநேயருக்கு 18 அடி உயரம், தலைக்குமேல் கூரை இல்லை. வெயிலும் மழையும் பனியும் அவர்மேல் நேராக விழும். "சாமியே துண்டு போத்தாம நிக்குது, உனக்கென்ன?" என்று அம்மாயி கேட்பாள். சாமிக்கு மார்கழியில் ஒரு லட்சத்து எட்டு வடை மாலை போடுகிறார்கள், எனக்கு யார் போடுவார்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன்.

நான் பதினோராம் வகுப்புப் படித்தது 1988-89இல். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. எனவே மாவட்டப் போட்டி என்றால் சேலம், சேலம் என்றால் எங்களுக்கு ஏறத்தாழ டெல்லி. நான் 3000 மீட்டர் ஓட்டக்காரன். அப்படிச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் பெருமையாக இருக்கிறதே தவிர, உண்மையில் நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் தோற்றவர்களை வாத்தியார் நெடுந்தூரத்துக்கு அனுப்புவார். அங்கும் தோற்றவன் குண்டு எறிவான்.

பயிற்சி காலை ஐந்தரைக்கு. எங்கள் உடற்பயிற்சி வாத்தியார் ஸ்வெட்டர், மப்ளர், கழுத்தில் விசில் சகிதமாகச் சைக்கிளில் வந்து இறங்குவார். நாங்கள் கால்சட்டை, பனியன், வெறுங்கால். "ஓடுனா சூடு, நின்னா குளிரு. உங்க இஷ்டம்" என்பார். அதைவிடச் சுருக்கமான பயிற்சி முறையை நான் பிறகு எங்கும் கேள்விப்படவில்லை.

முதல் இரண்டு சுற்றும் நரகம். மூக்கு ஒழுகும், காதுமடல் கத்தியால் சீவியதுபோல் எரியும், இழுக்கும் மூச்சு தொண்டையில் மணலாக இறங்கும். மைதானம் முழுவதும் நெருஞ்சி. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனி நனைத்த மண்ணில் பாதம் மரத்துப்போய்விடும். முள் ஏறுவது தெரியாது. எட்டுச் சுற்று ஓடி முடித்து, வெயில் வந்து, வகுப்பில் உட்கார்ந்து, கால் சூடேறிய பிறகு, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு முள்ளாகத் தன் இருப்பைச் சொல்லத் தொடங்கும். மேசைக்கடியில் காலைத் தூக்கிவைத்து ஊக்கால் பிடுங்குவோம். இரண்டாம் பாடவேளை முழுவதும் அதற்கே சரியாக இருக்கும்.

அப்பா ஒரு கோழிப்பண்ணையில் குஞ்சுக்கொட்டகை பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தினமும் செய்தித்தாளில் விலை வருகிறது. வடக்கே குளிர் ஏறினால் இங்கே முட்டை விலை ஏறும் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். குஞ்சுக்கொட்டகையைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். முட்டை பொரித்து ஒரு நாளேயான குஞ்சுகள் துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் வந்திறங்கும். அவற்றின் மேலிருப்பது இறகு அன்று, மஞ்சள் பஞ்சு. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அந்த வயதில் அவற்றுக்கு இராது. தாய்க்கோழி இல்லாத இடத்தில் மனிதன்தான் தாய்க்கோழி. முதல் வாரம் 95 பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு ஐந்து பாரன்ஹீட்டாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். தரையில் கடலைத்தோடு பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, வட்டமாகத் தகடு கட்டி, நடுவே தகரக் குடையின்கீழ் குண்டு பல்புகள் எரியும். கொட்டகையின் பக்கங்களில் சாக்குப்படுதா. மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் மூலைக்கொன்றாகக் கரிச்சட்டி.

வெளியே 18 டிகிரி, உள்ளே 35. சாக்கை விலக்கி நுழைந்தால் சித்திரை மாதத்துக்குள் காலெடுத்து வைத்ததுபோல் இருக்கும். எங்கள் வீட்டில் இல்லாத கதகதப்பு அந்தக் கொட்டகையில் இருந்தது என்று சொன்னால் அது வறுமையைப் பற்றிய புலம்பலாகிவிடும். அன்று அப்படித் தோன்றவில்லை. மார்கழி வந்தால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக எனக்கும் தம்பிக்கும் போட்டியாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்பா வெப்பமானியைப் பார்த்து நான் கண்டதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும், முதலாளி வந்தால் அவர் பார்ப்பார். அப்பாவுக்குக் காதுதான். சூடு சரியாக இருந்தால் குஞ்சுகள் சமமாகப் பரவி, தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு தின்னும். சூடு மிஞ்சினால் குடையை விட்டு விலகி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் தகட்டோரம் போய் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்தால் கூட்டமாய் நெருங்கி உச்சக் குரலில் கத்தும். அந்தக் கத்தல் கேட்டு ஆள் வரவில்லை என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். குளிரால் சாவதைவிட அப்படிக் குவிந்து, அடியிலிருப்பவை மூச்சுமுட்டிச் சாவதுதான் அதிகம். சூடு தேடி நெருங்குவதே எமனாகிவிடும். இதையெல்லாம் அப்பா எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. "கேளு, இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்பார். நான் தப்பாகச் சொல்வேன். சிரிப்பார்.

பின்னாளில் நெடுநல்வாடையைப் படித்தபோது ஒரு காட்சியில் நின்றுவிட்டேன். கூதிர்க்காலத்தில் மாளிகைவாசிகள் விசிறிகளைச் சுருக்கி மாட்டிவிடுகிறார்கள், குளிர்ந்த நீர் நிறைந்த குறுகிய வாய்க் கன்னல்களைத் தொடுவதில்லை, அகன்ற வாயுடைய 'தடவு' என்னும் கனற்சட்டியின் நெருப்பைச் சுற்றி அமர்கிறார்கள். அதே பாட்டில் சற்று முன்னால், மேட்டுநிலத்துக்கு மாடு ஓட்டிவந்த கோவலர்கள் கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். நக்கீரர் இரண்டையும் பார்த்திருக்கிறார். எங்கள் கொட்டகையிலும் தடவு இருந்தது. ஆனால் அது மாளிகைக்காரர்களுக்கும் இல்லை, கோவலர்களுக்கும் இல்லை. பாரி, ஓரி வரிசையில் வரும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததைக் கொடைமடம் என்று வியக்கிறோம். எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இரவெல்லாம் கதகதப்புக் கொடுத்தவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

சேலம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டாயிரம் குஞ்சுகள் வந்திறங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவில் அவருடன் நான் போய் உட்கார்வது என்று ஏற்பாடு. அவர் பக்கத்துத் தீவன அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்வார். ஏதாவது என்றால் நான் எழுப்ப வேண்டும். முதல் இரண்டு இரவும் சிரமமில்லாமல் போயின. மூன்றாம் நாள் காலையில் வாத்தியார் எங்களைப் பன்னிரண்டு சுற்று ஓடவிட்டிருந்தார். மாலையிலும் ஓட்டம். இரவு கொட்டகைக்கு வந்தபோது கணுக்காலிலிருந்து தொடை வரை உடம்பு தனித்தனியாகக் கழன்று கிடப்பதுபோல் இருந்தது.

ஒரு மணிவாக்கில் மின்சாரம் போயிற்று. கரிச்சட்டிகளுக்குக் கரி போட்டு விசிறினேன். கனன்று பிடித்தது. குஞ்சுகள் கொஞ்ச நேரம் சத்தமிட்டு அடங்கின. அது சரியான அடக்கம்தான், முணுமுணுப்பு இருந்தது. எனக்கு அந்த வேறுபாடு தெரிந்தது என்பதில் ஒரு பெருமைகூட வந்தது. தீவன மூட்டையில் முதுகைச் சாய்த்தேன். கரியின் சூடு முகத்தில் பட்டது. இரண்டு மணிக்கு அடுத்த கரி போட வேண்டும்.

மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டுப் போட்டதும் விழித்தேன். அப்படியானால் மணி நாலரை. சட்டிகளில் சாம்பல். சாக்குப்படுதா ஒன்று காற்றில் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. தகட்டின் ஒரு மூலையில், என் பக்கமாக, மஞ்சள் குவியல் ஒன்று முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இரண்டு கைகளையும் விட்டு அள்ளி அள்ளிப் பிரித்தேன். மேலிருந்தவை உதறிக்கொண்டு ஓடின. நடுவிலிருந்தவை தள்ளாடின. அடியிலிருந்தவை ஓடவில்லை. அவையும் சூடாகத்தான் இருந்தன.

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. படுதாவைக் கட்டினார், சட்டிகளில் கரி போட்டு மூட்டினார், உயிரோடிருந்த குஞ்சுகளைக் குடையின்கீழ் ஒதுக்கினார். பிறகு ஒரு சாக்கை விரித்து, இறந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். வாய்விட்டு எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "மணி அஞ்சாச்சு. நீ கெளம்பு, வாத்தியாரு காத்திருப்பாரு" என்றார்.

நான் போனேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது. போகாமல் இருந்திருக்கலாம், உட்கார்ந்து அழுதிருக்கலாம், குழி வெட்டவாவது உதவியிருக்கலாம். மைதானத்துக்குப் போய் ஓடினேன். சுற்றை எண்ண மறந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறேன்; வாத்தியார் விசில் ஊதிக் குறுக்கே வந்து நிறுத்தினார்.

முதலாளி எட்டு மணிக்கு வந்தாராம். "நாந்தானுங்க கண்ணசந்துட்டேன்" என்று அப்பா சொன்னதாகத் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். செத்த குஞ்சுகளுக்கான தொகையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பொங்கலுக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. அம்மா காரணம் கேட்கவில்லை, அல்லது நான் இல்லாதபோது கேட்டிருக்கலாம். சேலம் காந்தி மைதானத்தில் நான் ஆறாவதாக வந்தேன். ஆறாவது இடத்துக்கு ஒன்றும் தரமாட்டார்கள். வரும் வழியில் வாத்தியார் பேருந்து நிலையத்தில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேலை கிடைக்காமல் ஓராண்டு லாரியில் கிளீனராகப் போனேன். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு முட்டை, லாரி இரண்டில் ஒன்றின் வாசத்திலிருந்தாவது தப்ப முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வழியே போன சாலை ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் தொடங்கி வாரணாசியில் முடியும். 2010இல் எண்களை மாற்றியபோது அது 44 ஆகி, மறுமுனை ஸ்ரீநகருக்குப் போய்விட்டது. பெட்டிக்கடை வாசலில் நின்றுகொண்டு, இதே தாரின் மறுநுனியில் இப்போது பனி பெய்துகொண்டிருக்கும் என்று நினைக்க வேடிக்கையாக இருக்கிறது.

1991 டிசம்பரில் சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போனோம். வட நாட்டில் விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடிதான் உணவு என்பதும், நாங்கள் பாயசத்தில் மட்டும் போடும் பண்டத்தை அவர்கள் பசிக்குத் தின்கிறார்கள் என்பதும் அந்தப் பயணத்தில்தான் தெரிந்தன. நாகபுரி தாண்டிச் சாத்புரா மலைத்தொடரில் ஏறியபோது குளிர் என்பதன் பொருளே மாறியது. எங்கள் வண்டிக்குக் கதவில் கண்ணாடி கிடையாது, ரெக்சின் படுதாதான். இன்ஜின் பெட்டி கேபினுக்குள்ளேயே இருந்ததால் அதன் மூடிமேல் போர்வையைப் போட்டு நான் சுருண்டுகொள்வேன். வண்டி ஓடும்வரை சொர்க்கம். நின்றால் கால்மணி நேரத்தில் இரும்பு குளிர்ந்துவிடும். "வண்டி ஓடுனா சூடு, நின்னா குளிரு" என்று டிரைவர் அண்ணன் ஒருநாள் சொன்னபோது திடுக்கிட்டு எங்கள் வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

ஓரிரவு பனிமூட்டம். முகப்பு விளக்கின் வெளிச்சம் பஞ்சுச் சுவரில் மோதி எங்கள் கண்ணுக்கே திரும்பியது. டிரைவர் அண்ணன் கையில் டார்ச்சைக் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார். சாலையின் விளிம்பில் நான் நடக்க, என் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பத்து டன் பின்னால் ஊர்ந்து வந்தது. பதினைந்து நிமிடத்தில் கால்விரல்கள் செத்துப்போயின. மெல்ல ஓடத் தொடங்கினேன். வண்டியும் சற்று வேகம் கூட்டியது. சேலத்தில் ஆறாவதாக வந்தவனின் ஓட்டம் அன்றுதான் யாருக்கோ பயன்பட்டது. ஒரு தாபாவின் விளக்கு தெரிந்தபோது நின்றேன். அங்கே மூட்டியிருந்த நெருப்பைச் சுற்றி நான்கைந்து மாநில லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொழி தெரியாத ஒரு கிழவர் எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். காலை நெருப்பருகே நீட்டியபோது விரல்களில் உயிர் திரும்பும் வலி தாங்க முடியவில்லை. அழுதேன். எல்லோரும் குளிருக்கு அழுகிறான் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு லாரி அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அப்பா பண்ணை வேலையை விட்டார். கரிச்சட்டி போய்ப் பல பண்ணைகளில் எரிவாயு அடுப்பு வந்தது; வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மூடிய கொட்டகைகளும் வந்தன. இரவில் யாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நல்லதுதான். அந்தக் காது வேலையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. அது மனிதர்களின் தூக்கத்தைத் தின்ற வேலை.

அந்த இரவைப் பற்றி முப்பது வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்காக அப்பா ஒரு பொய் சொன்னார், அதற்கு விலையும் கொடுத்தார் என்பதை ஒரு கடன்போலச் சுமந்துகொண்டிருந்தேன். அவர் கோபத்தில் ஏதாவது சொன்னால் அதை நினைத்து அடங்குவேன். அவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்து வைத்தபோதும், பல் கட்டிவிட்டபோதும், மனத்தின் ஓர் ஓரத்தில் கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

2018 மார்கழியில், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அதிகாலை மூன்றரைக்கே எழுந்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் யாருமில்லை. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அப்பா, அந்தக் குஞ்சு செத்த அன்னிக்கு..."

"நூத்தி நாப்பத்தி மூணு" என்றார்.

"தூங்குனது நானு. நீங்க எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்வது அவருக்கு உண்மையாகவே புரியவில்லை என்று தெரிந்தது.

"நாந்தான முளிச்சிருந்தேன்" என்றார். "காச்சல்ல எங்க தூக்கம் வருது? கரெண்டு போனது தெரியும். குஞ்சு கத்துனதும் காதுல உளுந்துச்சு. குளுரு தாங்காம கத்துற சத்தம், எனக்குத் தெரியாதா? எந்திரிக்கோணும்னு நெனைக்கறேன். போர்வைக்குள்ள கதகதன்னு இருந்துச்சு. நீ இருக்கறயேன்னு நெனச்சேன். இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு படுத்திருந்தேன். அப்பறம் சத்தம் நின்னுபோச்சு."

நான் எதுவும் பேசவில்லை. கோவிலில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"மொதலாளிகிட்ட கண்ணசந்துட்டேன்னு சொன்னது மட்டுந்தான் பொய்யி" என்றார் அப்பா. பிறகு போர்வையின் ஒரு நுனியை எடுத்து என் முழங்கால்மேல் போட்டார். "உள்ள போலாம் வா. ஊதக்காத்து ஆரம்பிச்சிருச்சு."